சைகோனில் ஒரு நாளும் பத்து குண்டும்

போன மாதம் வியட்நாம் போய்விட்டு வந்ததிலிருந்து வாக்கிங் நண்பர்கள் மூன்று பேர் டிராவல் ஏஜெண்டின் நம்பர் கேட்டுவிட்டார்கள். கொடுப்பதற்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன். படித்த பிறகும் வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மகன் ஏற்பாடு செய்த பயணம். நான், மனைவி, மகன், மருமகள், பேரன் என்று ஐந்து பேர். பேரன் பி.இ. முதல் வருடம் படிக்கிறான். ஹோ சி மின் நகரத்தில் (ஊர்க்காரர்களே இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்) ராத்திரி போய் இறங்கினோம். மறுநாள் காலை ஏழரைக்கு ஹோட்டல் வாசலில் வேன். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரே நாளில் எட்டு இடம்: கு சி சுரங்கம், மதிய சாப்பாடு, போர் எச்சங்கள் அருங்காட்சியகம், சுதந்திர மாளிகை, தேவாலயம், தபால் நிலையம், மாரியம்மன் கோவில், பென் தான் மார்க்கெட். சாப்பாட்டையும் ஓர் இடமாகக் கணக்கில் சேர்த்திருந்ததை மனைவிதான் முதலில் கவனித்தாள்.

ஓட ஓடக் காட்டினார்கள் என்பது என் புகார் இல்லை. எழுபது வயதில், தெரியாத ஊரில், யாராவது வண்டி வைத்துக் கூட்டிப்போனால் நல்லதுதான். அந்த மோட்டார் சைக்கிள் வெள்ளத்தில் ரோட்டைக் கடக்கவே எனக்கு ஒரு நாள் பிடித்தது. நிற்காமல், ஓடாமல், ஒரே சீராக நடந்தால் அவர்களே நம்மைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். என் கோபம் வேறு ஓர் இடத்தில்.

கு சி ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்த காலத்திலேயே, 1940களின் கடைசியில், அங்கே மண்ணைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்கர்கள் வந்த பிறகு அது 200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. கையால், சின்ன மண்வெட்டியும் கூடையும் வைத்துத் தோண்டியது. உள்ளே சமையலறை, ஆஸ்பத்திரி, கூட்டம் போடும் அறை எல்லாம் இருந்தன. சமையல் புகையைக் கண்டு விமானம் குண்டு போடாமலிருக்க, புகையை நீளக் கால்வாய்களில் கொண்டுபோய்த் தூரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையோடு கசிய விடுகிற அடுப்பு ஒன்று. அதை மட்டும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். கைடு மூன்று நிமிடம் கொடுத்தார்.

பயணிகளுக்காகச் சுரங்கத்தில் ஒரு துண்டை அகலப்படுத்தியிருக்கிறார்கள். அப்படியும் நான் பத்தடி போனதும் மூச்சு முட்டி முதல் வழியிலேயே வெளியே வந்துவிட்டேன். வருடக்கணக்கில் இதற்குள் குடியிருந்தார்கள் என்பது முதுகு வலிக்கும்போதுதான் புரிகிறது. அதுவரை எல்லாம் சரி.

ஆனால் உள்ளே நுழைந்ததிலிருந்தே டப் டப் என்று சத்தம். ஒலிபெருக்கியில் போர்க்காலச் சத்தம் போடுகிறார்கள் என்று நினைத்தேன். பாதி வழியில் ஒரு கொட்டகை வந்தது. ஐஸ்கிரீம், கூல்டிரிங்க்ஸ், தொப்பி, பக்கத்தில் துப்பாக்கி சுடும் மைதானம். உணவு விடுதியில் இருப்பது மாதிரி விலைப்பட்டியல். ஏகே 47 இருக்கிறது. அதை வைத்திருந்தவர்களைக் கொன்ற எம் 16ம் இருக்கிறது. பத்து குண்டுக்குக் குறைந்து கிடையாது. நம் காசுக்குக் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ரூபாய்.

“தாத்தா, ஒரே ஒரு தடவை” என்றான் பேரன்.

“இவ்வளவு தூரம் வந்துட்டு சுடாமப் போவாங்களாப்பா?” என்றான் மகன்.

மனைவி என் முழங்கையைத் தொட்டு, “வேணாங்க, வாங்க போலாம்” என்றாள். நான்தான் பர்ஸை எடுத்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. இந்தக் கட்டுரையில் திட்டு வாங்க வேண்டியவர்களில் முதல் ஆள் நான். பேரன் காதில் பஞ்சு மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு பத்தையும் சுட்டான். மருமகள் வீடியோ எடுத்தாள். நாங்கள் கைதட்டினோம். பிறகு எல்லோருக்கும் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும், தொட்டுக்கொள்ள வேர்க்கடலைப் பொடியும் கொடுத்தார்கள். சுரங்கத்துக்குள் இருந்தவர்கள் அதைத் தின்றுதான் உயிர் பிழைத்தார்களாம். அந்தக் கிழங்கு என் தொண்டையில் இறங்கவில்லை.

இதைச் சொன்னால் நண்பர்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும், ஏனென்றால் மகன் வேனிலேயே சொல்லிவிட்டான். “அவங்க நாடு, அவங்க செத்தவங்க, அவங்களே கடை வச்சிருக்காங்க. உங்களுக்கு என்னப்பா?”

நல்ல கேள்வி. வியட்நாமியக் குடும்பங்களும் அங்கே சுட்டுக்கொண்டுதான் இருந்தன. தங்கள் தாத்தா பிடித்த துப்பாக்கியைப் பேரன் பிடித்துப் பார்க்கிறான் என்றால் அது அவர்கள் வீட்டு விஷயம். விற்கிறவனுக்கு விற்கிற உரிமை இருக்கிறது. அதனால் எனக்கு வாங்குகிற கடமை வந்துவிடுமா? ஜாலியன் வாலாபாக் போயிருப்பீர்கள். 1919ல் 1650 ரவுண்டு சுட்ட இடம். சுவரில் ஓட்டைகளைச் சுற்றிக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே வாசலில் நம் ஆளே ஒருவன் கொட்டகை போட்டு, “பத்து குண்டு இரண்டாயிரம்” என்று போர்டு வைத்து, ஒரு வெளிநாட்டுப் பையன் சுட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தால், கடைக்காரன் இந்தியன் என்பதால் நாம் சும்மா இருப்போமா? கடைக்காரனையும் திட்டுவோம், பையனையும் திட்டுவோம்.

இன்னொரு பதில், அது விளையாட்டு என்பது. விளையாட்டு என்றால் நம் ஊரில் ரைஃபிள் கிளப் இருக்கிறது, அங்கே போய்ச் சுடட்டும். இந்த மைதானத்தில் மட்டும் இவ்வளவு கூட்டம் ஏன்? இங்கே நிஜமாகவே சுட்டுக்கொண்டார்கள் என்பதால்தான். பத்து குண்டோடு அந்த மரணத்தின் வாசனையையும் சேர்த்து விற்கிறார்கள். இரண்டாயிரம் ரூபாயில் பாதி அதற்குத்தான்.

கு சியில் பயணிகளுக்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. பென் தின், பென் துவோக். வேன்காரர்கள் அதிகமும் போவது பென் தின்னுக்கு, ஊருக்குக் கிட்டே என்பதால். கொஞ்சம் தள்ளி இருக்கும் பென் துவோக்கில் ஒரு நினைவுக் கோவில் உண்டு. அந்தப் பகுதியில் இறந்தவர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்திருக்கிறார்கள், நாற்பதாயிரத்துக்கும் மேல். சுடும் மைதானத்தில் இருபத்தைந்து நிமிடம் நிறுத்தினார்கள். நினைவுக் கோவில் என்று ஒன்று இருப்பதையே சொல்லவில்லை. திரும்பி வந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

மதியம் இரண்டரைக்கு அருங்காட்சியகம். நாற்பது நிமிடம் என்றார் கைடு. 1975 செப்டம்பரில், போர் முடிந்த சில மாதங்களிலேயே திறந்தது. அப்போது பெயரிலேயே அமெரிக்கர்களின் குற்றங்கள் என்று இருந்தது. 1995ல் அமெரிக்காவோடு உறவு சரியானபோது இப்போதைய பெயர் வந்தது. வெற்றி பெற்றவர்கள் சொல்லும் கதை, மறுபக்கத்து வியட்நாமியர்கள் பட்டதற்கு அங்கே இடமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மேலே ஏஜெண்ட் ஆரஞ்ச் பகுதிக்குப் போய்விட்டால் யார் சொல்லும் கதை என்ற கேள்வியெல்லாம் நிற்காது. 1961லிருந்து பத்து வருடம், 7 கோடி லிட்டருக்கும் அதிகமாகக் களைக்கொல்லி மருந்தைக் காடுகள் மேலும் வயல்கள் மேலும் விமானத்திலிருந்து தெளித்தார்கள். அதில் கலந்திருந்த டயாக்சின் அடுத்த தலைமுறைக் குழந்தைகளை என்ன செய்தது என்பது சுவர் முழுக்கப் படமாக இருக்கிறது. நான் இரண்டாவது சுவரோடு வெளியே வந்துவிட்டேன். பேரன் வரவில்லை.

கைடு மணி பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் வந்த பையன் கேட்டான், “தாத்தா, காலையில போனோமே, அந்தக் காட்டுலயும் இதைத் தெளிச்சாங்களா?”

“தெளிச்சாங்கப்பா” என்றேன்.

இந்த ஏஜெண்டுகளை நான் முக்கியமாகக் கேட்பது இதைத்தான். காலையில் அருங்காட்சியகத்தைக் காட்டிவிட்டு மதியம் கு சிக்குக் கூட்டிப்போயிருந்தால், அந்தக் கொட்டகையில் எத்தனை பேர் சுட்டிருப்பார்கள்? வெயிலுக்கு முன்னால் வெளியூர், பிறகு உள்ளூர் என்று ஏஜெண்ட் காரணம் சொல்வார். இருக்கலாம். எனக்கு நம்பிக்கை இல்லை.

மற்றதெல்லாம் ஓட்டம்தான். மாளிகை வாசலில், 1975 ஏப்ரல் 30 அன்று கதவை இடித்து நுழைந்தது போன்ற டாங்குகளின் முன்னால் ஒரு போட்டோ. தேவாலயத்தைச் சுற்றிச் சாரம், வருடக்கணக்காக மராமத்து நடக்கிறது, வெளியிலிருந்தே ஒரு போட்டோ.

தபால் நிலையத்தில் மட்டும் நான் அடம் பிடித்தேன். முப்பத்தாறு வருடம் தபால் துறையில் இருந்தவன், பத்து நிமிடத்தில் வெளியே வா என்றால் நடக்குமா? ரயில்வே ஸ்டேஷன் மாதிரி வளைந்த கூரை, சுவரில் 1892ஆம் வருடத்து சைகோன் வரைபடம், மரத்தாலான பழைய டெலிபோன் கூண்டுகள். “ஈஃபில் டவர் கட்டிய ஈஃபில் கட்டியது” என்றார் கைடு. இல்லை. அதை வடிவமைத்தவர் ஆல்ஃபிரெட் ஃபூலூ என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். ஈஃபில் என்றால் கூட்டம் “ஆ” என்று சொல்லும், ஃபூலூ என்றால் சொல்லாது. தன் துறைக் கட்டடத்தைக் கட்டியவன் பெயரை இன்னொருவனுக்குக் கொடுத்தால் ஒரு பழைய போஸ்ட்மாஸ்டருக்குக் கோபம் வருமா வராதா? எங்கள் வீட்டு விலாசத்துக்கே ஒரு கார்டு எழுதிப் போட்டேன். பதினெட்டு நாளில் வந்தது. பரவாயில்லை.

மாரியம்மன் கோவிலில் கைடு, “உங்கள் ஆட்கள் கட்டியது” என்று எங்களைப் பெருமைப்படுத்தினார். உண்மைதான். உள்ளே வியட்நாமியப் பெண்கள் கல் சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நம் ஆட்கள் அங்கே என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள், மெக்காங் பகுதி நெல் விவசாயிகள் அவர்களிடம் கடன்பட்டார்கள். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போனவர்கள் பிரெஞ்சு அரசாங்கத்துக்குப் போலீஸாகவும் வரி வசூலிப்பவர்களாகவும் இருந்தார்கள். வரலாற்றில் நாமும் ஒரு பக்கம் நின்றிருக்கிறோம். அது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு கும்பிட்டால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மறுநாள் மற்றவர்கள் மால் பார்க்கப் போனபோது நானும் மனைவியும் தனியாகக் கிளம்பினோம். அருங்காட்சியகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு நாற்சந்தி. 1963 ஜூன் 11 அன்று திக் குவாங் தக் என்ற பௌத்த பிக்கு தன்மேல் தீ வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்த இடம். அந்தப் போட்டோவை நம் தலைமுறை மறந்திருக்காது. இப்போது அங்கே ஒரு சிலையும் சின்னப் பூங்காவும் இருக்கின்றன. டிக்கெட் கிடையாது, கடை கிடையாது. ஒரு கிழவி ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். எங்களிடமும் இரண்டு நீட்டினாள். ஏஜெண்டின் தாளில் இந்த இடம் இல்லை.

பேரன் அந்த வீடியோவை ஸ்டேட்டஸில் போட்டிருந்தான். சைகோனை விட்டுக் கிளம்புவதற்குள் எடுத்துவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனும் அதைப் பற்றிப் பேசவில்லை.

போன வாரம் அதே ஏஜெண்டிடமிருந்து வாட்ஸப்பில் கம்போடியா பேக்கேஜ் வந்திருக்கிறது. நாம் பென் பக்கத்துக் கொலைக்களம் காலையில், துப்பாக்கி சுடுதல் மதியம், விருப்பம் இருந்தால் மட்டும், கட்டணம் தனி. நம்பர் கேட்ட மூன்று பேருக்கும் அதை அப்படியே ஃபார்வர்ட் செய்திருக்கிறேன்.