அரிய நூல்களும் நிழற்பிரதி வணிகமும்

ஒரு நூல் அச்சில் இல்லாமற் போய்விட்டால் அதனை எவரும் பிரதி எடுத்து விற்கலாம் என்ற எண்ணம் நம் மத்தியில் வேரூன்றியிருக்கிறது. பழைய நூல்கள், சஞ்சிகைகள், சித்திரக் கதைப் புத்தகங்கள் ஆகியவற்றை நிழற்பிரதி எடுத்து, வழுவழுப்பான அட்டையிட்டு, 'அரிய பிரதி' என்ற அடைமொழியுடன் இணையத்தின் மூலம் விற்பனை செய்யும் போக்கு தமிழ் வாசகர் மத்தியிலும் பரவிவிட்டது. வாங்குபவர் தாம் ஒரு பொக்கிஷத்தைப் பெற்றுவிட்டதாக மகிழ்கிறார். விற்பவர் தாம் இலக்கியச் சேவை புரிவதாகக் கூறிக்கொள்கிறார். அந்நூலை எழுதியவருக்கோ அவரது குடும்பத்தினருக்கோ ஒரு சதம் கூடக் கிடைப்பதில்லை என்பதை இருவருமே எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வணிகத்தின் தன்மையை விளங்கிக்கொள்ளத் தமிழ்ச் சித்திரக் கதைகள் நல்ல உதாரணமாகும். 1972இல் சிவகாசியில் 'இரும்புக்கை மாயாவி'யுடன் ஆரம்பமான முத்து காமிக்ஸும், 1984இல் தோன்றிய லயன், ராணி காமிக்ஸ் இதழ்களும் இலங்கையிலும் ஒரு தலைமுறையின் வாசிப்புப் பழக்கத்தை வளர்த்தவை. அன்று ஓரிரு ரூபாவுக்கு விற்ற இதழ்கள் இன்று சேகரிப்பாளர்களிடையே பெரும் விலைக்குக் கைமாறுகின்றன. பழைய மூலப்பிரதியை ஒருவர் அதிக விலைக்கு விற்பதிற் தவறில்லை; அது அவரது சொந்தப் பொருள். ஆனால் அதே பிரதியிலிருந்து ஐம்பது நிழற்பிரதிகளை எடுத்து விற்பது முற்றிலும் வேறு விடயம். வெளிநாட்டு உரிமையாளருக்குப் பணம் செலுத்தி அனுமதி பெற்று, அதே கதைகளை மறுபதிப்புச் செய்யும் பதிப்பாளரின் உழைப்பே அங்கு பறிபோகிறது.

எமது நாட்டின் சட்டம் இவ்விடயத்தில் தெளிவாகவே உள்ளது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஓர் ஆசிரியரின் பொருளாதார உரிமைகள் அவரது வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் மேலும் 70 ஆண்டுகளும் பாதுகாக்கப்படுகின்றன. இதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை. படைப்பு உருவானதுமே உரிமையும் உருவாகிவிடுகிறது. நூல் அச்சில் இல்லை என்பதால் உரிமை இல்லாமற் போவதில்லை. உரிமையை வேண்டுமென்றே மீறுபவருக்கு முதற் தடவையில் ஆறு மாதம் வரையான சிறைத்தண்டனையோ ஐந்து இலட்சம் ரூபா வரையான தண்டமோ அல்லது இரண்டுமோ விதிக்கப்படலாம். உரிமை மீறிய பிரதி என்று அறிந்துகொண்டே அதனை விற்பனைக்கு வைத்திருப்பதும் குற்றமே.

எனினும் சட்டம் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. விமர்சனம், செய்தி அறிக்கையிடல், ஆய்வு, வகுப்பறைக் கற்பித்தல் ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாட்டை அது அனுமதிக்கிறது. இலாப நோக்கற்ற நூலகம் ஒன்று, தன்னிடமிருந்து தொலைந்துபோன அல்லது அழிந்துபோன நூலை நியாயமான முறையில் வேறெங்கும் பெற முடியாதவிடத்து, அதற்கு ஈடாக ஒரு பிரதியை எடுத்துக்கொள்ளவும் இடமளிக்கிறது. ஆனால் சொந்தத் தேவைக்கென்றாலும் ஒரு நூல் முழுவதையும் நிழற்பிரதி எடுப்பதை அச்சட்டம் அனுமதிக்கப்பட்ட செயல்களுக்குள் அடக்கவில்லை.

இந்த வேறுபாடு திருகோணமலை மாவட்ட மக்களுக்கு மிக முக்கியமானது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி எழுந்தபோது கிண்ணியா, மூதூர் கரையோரங்களில் வீடுகளும் பாடசாலைகளும் அழிந்தன. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த உடையுடன் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தனர். இத்தகைய பெயர்வுகளின்போது மனிதர் முதலில் கைவிடுவது புத்தகங்களைத்தான். தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த ஏட்டுச் சுவடிகளும், அரபுத் தமிழ் நூல்களும், உள்ளூர் எழுத்தாளரின் சிறு வெளியீடுகளும் இவ்வாறே மறைந்தன. எஞ்சிய ஒரு பிரதியைப் படியெடுத்துக் காப்பாற்ற விழைபவரைத் திருடர் என்று எவரும் கூறமாட்டார்.

மாணவரின் நிலையும் இதுவே. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் டொலரின் பெறுமதி 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு உயர்ந்தபோது, இந்தியாவிலிருந்து வரும் நூல்களின் விலை நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டாததாயிற்று. கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் கற்கும் ஒரு மாணவி, விலையுயர்ந்த நூலொன்றின் ஓர் அத்தியாயத்தைப் பிரதி எடுப்பதையும், ஒரு வியாபாரி முழு நூலையும் நூறு பிரதிகள் எடுத்து விற்பதையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

உலக நீதிமன்றங்களும் இக்கேள்வியை எதிர்கொண்டுள்ளன. 1991இல் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்று, நூற்பகுதிகளைத் தொகுத்து மாணவருக்கு விற்ற கிங்கோஸ் என்ற நிழற்பிரதி நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் டில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி என்ற சிறு நிழற்பிரதிக் கடைக்கு எதிராக ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த வழக்கை டில்லி உயர் நீதிமன்றம் 2016 செப்டெம்பரில் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேன்முறையீட்டு அமர்வு, பாடநெறிக்குத் தேவையான பகுதிகளா என்பது உள்ளிட்டவற்றை விசாரிக்குமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. இடைக்காலத் தடை எதனையும் விதிக்கவில்லை. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் பெற்றன. கற்பித்தலுக்கான பிரதி என்பதே டில்லிக் கடைக்குக் கேடயமாயிற்று. சேகரிப்பாளரின் ஆசையை விலையாக்கும் இணைய வியாபாரிக்கு அக்கேடயம் கிடையாது.

இதற்கு ஒரு நேரிய வழியும் உண்டு. வாசகரே கதையின் போக்கைத் தெரிவுசெய்து விளையாடும் 'லோன் வூல்ஃப்' என்ற ஆங்கில விளையாட்டு நூல் வரிசை, அச்சில் கிடைப்பது அரிதாகிச் சேகரிப்புப் பொருளான நிலையில், அதன் ஆசிரியர் ஜோ டெவர் 1999இல் அந்நூல்களை இணையத்தில் இலவசமாக வெளியிட வாசகர் குழுவொன்றுக்கு அனுமதி வழங்கினார். எமது மண்ணிலும் 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத் திட்டம், எழுத்தாளரின் அனுமதியைக் கேட்டுப் பெற்று ஆயிரக்கணக்கான ஈழத்து வெளியீடுகளை எவரும் இலவசமாக வாசிக்க வழிசெய்துள்ளது. 1910இல் மறைந்த திருகோணமலைப் புலவர் வே. அகிலேசபிள்ளை போன்றோரின் ஆக்கங்களுக்கு அந்த அனுமதியும் தேவையில்லை. அவை மக்களின் பொதுச் சொத்தாகிவிட்டன. அவ்வாறிருக்க, கேட்டால் கிடைக்கக்கூடிய அனுமதியைக் கேளாமலே எடுத்து விற்பது எந்த வகையில் சேவையாகும்?

இதிற் பெரிதும் பாதிக்கப்படுபவர் வெளிநாட்டுப் பெரும் பதிப்பகத்தார் அல்லர். கிண்ணியாவிலோ, மூதூரிலோ, திருகோணமலை நகரிலோ மனைவியின் நகையை அடகு வைத்து முந்நூறு பிரதிகள் அச்சிடும் எழுத்தாளரே. அம்முந்நூறும் விற்றுத் தீர்ந்தபின் நிழற்பிரதி சந்தைக்கு வந்தால் இரண்டாம் பதிப்புக்கான வாய்ப்பு அற்றுப்போகிறது. அடுத்த நூலை எழுதும் துணிவும் அவருக்கு வருவதில்லை. இழப்பு அவருக்கு மட்டுமன்று, அவரை வாசிக்க வேண்டிய பிள்ளைகளுக்குமாகும்.

மார்க்கம் இது பற்றி மௌனம் சாதிப்பதாக எண்ணுவோரும் உளர். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகம் 1988இல் குவைத்தில் நடைபெற்ற தனது ஐந்தாவது அமர்வில், நூலாசிரியரின் உரிமை ஷரீஅத் ரீதியாகப் பாதுகாக்கப்பட்ட உரிமை என்றும் அதனை மீறலாகாது என்றும் தீர்மானித்தது. பிறர் உழைப்பின் பயனை அவரது சம்மதமின்றி எடுத்தல் எந்தச் சமூகத்தின் அறநெறியிலும் ஏற்கப்பட்டதன்று.

எனவே செய்யவேண்டியவை சில உள. உள்ளூராட்சி நூலகங்கள் பிரதேச எழுத்தாளரின் நூல்களை உரிய விலை கொடுத்து வாங்குதல் வேண்டும். அழிந்த நூல்களைச் சட்டம் அனுமதிக்கும் வழியில் மீட்டெடுத்தல் வேண்டும். எழுத்தாளரும் அவர்தம் வாரிசுகளும், மறுபதிப்புக்கு வழியில்லாதவிடத்து எண்ணிமப் பிரதிக்கு மனமுவந்து அனுமதி வழங்குதல் வேண்டும். வாசகரோ, 'அரிய பிரதி' என்ற விளம்பரத்தைக் காணும்போது, இதன் பணம் எவருக்குச் செல்கிறது என்ற ஒரு கேள்வியையேனும் கேட்டல் வேண்டும்.

யுத்தமும் கடலும் எம்மிடமிருந்து பறித்த நூல்கள் ஏராளம். எஞ்சியவற்றைக் காப்பது எம் கடமை. ஆனால் நூலைக் காக்கிறோம் என்று கூறி நூலாசிரியரை வஞ்சிப்போமாயின், இனிக் காப்பதற்குப் புதிய நூல்கள் தோன்றமாட்டா என்பதை நாம் உணர்ந்தேயாக வேண்டும்.