தெளிந்த நீரின் எழுத்து

கணவருடன் ஜப்பானில் வசிக்கும் சகோதரி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "சீனாவிலிருந்து வரும் உணவுப் பொதிகளில் ஹலால் என்பதற்கு இரண்டு எழுத்துகள் போட்டிருக்கிறார்கள். அவற்றில் முதலாவது எழுத்து இங்குள்ள கடைகளில் பல போத்தல்களிலும் தெரிகிறது. நம்பி வாங்கலாமா?"

வாங்க வேண்டாம். காரணம் அந்த எழுத்தின் வரலாற்றில் இருக்கிறது.

சீனர் அதனை 'ச்சிங்' என்பர். பதினொரு கோடுகள் கொண்டது. இடப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று சிறு கீற்றுகள்; அவை நீரைக் குறிப்பவை. வலப்பக்கத்தில் இருப்பது நீலத்துக்கும் பச்சைக்கும் உரிய தனி எழுத்து. இங்கே அது ஒலியைக் காட்டவே வந்திருக்கிறது. அரபியில் மூன்று மூல எழுத்துகள் சேர்ந்து கருத்தைத் தாங்கும். சீனத்திலோ இப்படிப்பட்ட எழுத்துகளில் ஒரு பாதி பொருளையும் மறுபாதி உச்சரிப்பையும் சொல்லும். கி.பி. 100 அளவில் ஷூ ஷென் தொகுத்த அகராதியும் இதற்குத் தெளிந்த நீரின் தோற்றம் என்றே பொருள் தருகிறது.

இவ்வெழுத்து அயல்நாடுகளுக்கும் போனது. ஜப்பானியர் இதனை 'செய்' என்றும், தம் சொந்தச் சொல்லால் 'கியோ' என்றும் வாசிப்பர். கொரியாவில் 'சொங்', வியட்நாமில் 'தான்'. வீடு கூட்டித் துடைப்பதற்கு ஜப்பானியர் சொல்லும் 'செய்ஸோ', கொரியர் சொல்லும் 'சொங்ஸோ' இரண்டிலும் இதுவே இருக்கிறது. வியட்நாமியர் கடையில் காசைக் கொடுத்துக் கணக்குத் தீர்ப்பதைக் குறிக்கும் சொல்லிலும் இது உண்டு. அழுக்குப் போனாலும் சுத்தம், கடன் போனாலும் சுத்தம்! 1636 முதல் 1912 வரை ஆண்ட மஞ்சு அரச வம்சமும் இதையே தன் பெயராக வைத்துக்கொண்டது.

சீன முஸ்லிம்கள் இதனோடு 'மெய்' எனப் பொருள்படும் 'ஜென்' என்ற எழுத்தைச் சேர்த்து 'ச்சிங்ஜென்' என்றார்கள். தூய்மையும் உண்மையும். சீஆன் நகரத்துப் பெரிய பள்ளிவாசலின் பெயரிலும் இச்சொல் இருக்கிறது. இது நமக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. கைஃபெங் நகரத்து யூதர்கள் தம் தொழுகை இல்லத்தை இதே பெயரால் அழைத்ததை அவர்களது 1489ஆம் ஆண்டுக் கல்வெட்டு காட்டுகிறது.

இனி அந்தப் போத்தலுக்கு வருவோம். அரிசியைப் புளிக்கவைத்து, மண்டியை வடித்தெடுத்த மதுவுக்கு ஜப்பானில் 'செய்ஷு' என்று பெயர். தெளிந்த மது என்பது அதன் பொருள். முதலெழுத்து இதே எழுத்துத்தான்! நீரின் தெளிவைச் சொல்லப் பிறந்த எழுத்து, வடித்த மதுவின் தெளிவையும் சொல்கிறது. மார்க்கத் தீர்ப்பு எதுவும் அதற்குள் இல்லை.

ஆகவே சகோதரி, சீனப் பொதியில் இரண்டு எழுத்துகளும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அரபியில் 'ஹலால்' என்றும் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. ஜப்பானியரும் கொரியரும் ஹலாலை அந்த ஒலியிலேயே தத்தம் எழுத்தில் எழுதுகிறார்கள். கொரியாவில் வேலைசெய்யும் நம்மவர்களுக்கும் ஒன்று: அங்கே இந்த மதுவின் பெயர் 'சொங்ஜு'. இறைச்சியின் வாடை போகச் சமையலிலும் ஊற்றுவார்கள். பெரும்பாலும் கொரிய எழுத்திலேயே எழுதுவதால், மூன்று துளிகளைத் தேடினால் கண்ணில் படாது. பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.