பச்சைக் குழந்தையின் மூச்சை யார் எண்ணுவது?

நம் தோட்டங்களில் பால் எடைக்குக் கணக்கு உண்டு; பெரட்டுக்குக் கணக்கு உண்டு; லாரி எண்ணெய்க்கும் உண்டு. அவற்றை எழுதும் கிராணி நான். லயத்தில் பிறந்து பத்து நாளான சிசு நிமிடத்திற்கு எத்தனை மூச்சு விடுகிறது என்ற கணக்கை மட்டும் எவரும் கேட்பதில்லை.

தோழர்களே! நிமோனியா என்னும் கபவாத ஜுரம் பெரியவர்களுக்கு வருவது போலச் சிசுவுக்கு வருவதில்லை. பேர்தான் ஜுரம், உடம்பு சுடாமலே, சில வேளை சில்லிட்டுப்போய், நோய் முற்றிவிடும். இருமலும் இல்லாதிருக்கலாம். பிள்ளை பால் குடிக்காது, துவண்டு கிடக்கும், முனகும். நெஞ்சின் அடிப்பாகம் உள்ளே இழுக்கும். மூச்சு நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேல் ஓடும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. சிசுவின் மூச்சு ஒரே சீராக இராது. முழு நிமிடம் எண்ணி, மறுமுறையும் எண்ண வேண்டும். இவற்றில் ஒன்று கண்டாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்; விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

அங்கே ஆம்பிசிலின், ஜெண்டாமைசின் ஊசிகளை டாக்டர் எழுதுவார். குறைந்தது 7 நாள். அந்த ஏழு இரவும் கண்விழிப்பவர் தாதி. பிராணவாயுக் குழாய் நழுவிற்றா, மூக்கில் சளி அடைத்ததா, உடம்புச் சூடு இறங்கிற்றா என்று பார்ப்பவர் அவர். மூச்சு வாங்கும் பிள்ளை மார்பில் குடித்தால் புரையேறும். ஆகவே தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழாய் வழியே சிறுகச் சிறுகக் கொடுப்பார்.

பாட்டிமார் கோபிக்க வேண்டாம்: சாம்பிராணிப் புகை காட்டுவதும் மூக்கில் எண்ணெய் விடுவதும் பிள்ளையின் நுரையீரலுக்குக் கெடுதி.

2023-ல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. நல்லதுதான். ஆனால் விடுமுறையில் இருக்கும் தாய் இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவாள்? கிராமக் கிளினிக் பூட்டியிருக்கும். டிரஸ்ஸர் இல்லாத தோட்டங்கள் எத்தனையோ.

நாம் கேட்பது பெரிதல்ல. இரவில் ஒரு வாகனம். ஆயாக்கொட்டகை ஆயாவுக்கும் லயத்துக்கு ஒரு பெண்ணுக்கும், சம்பளம் வெட்டாமல், மூச்சு எண்ணப் பயிற்சி. செலவு என்பார்கள் துரைமார். எண்ணெய்க் கணக்கை எழுதுபவன் சொல்கிறேன்: ஓர் இரவுப் பயணம் எந்த நிர்வாகத்தையும் மூழ்கடித்துவிடாது.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். டிரைவரின் ஓவர்டைமை யார் தருவது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் வண்டி நிற்கும், ஓட்ட ஆள் இராது.