பேன் மருந்துக்கு ஏன் பிராண்ட் பெயர்?

பேன் என்றால் எல்லாருக்கும் சிரிப்பு. புதுக்கடைத் தோட்டங்களில், ஒரே அறையில் மூன்று பொம்பிளைப் பிள்ளைகள் படுக்கிற வீட்டில் அது செலவு. எல்லாத் தலையையும் பார்க்கவேணும். பேன் உள்ள எல்லாருக்கும் ஒரே நாளில் பூசவேணும். ஏழு தொடக்கம் பத்து நாளில் பெரும்பாலும் இன்னொரு முறை. அந்த இரண்டாம் போத்தலுக்குக் காசு இல்லாதபோதுதான் மண்ணெண்ணெய் தலைக்கு ஏறுது. தீப்பிடிக்கும் என்று அம்மாமாருக்குத் தெரியாமலா?

டொக்டர்மாரே, துண்டில் பிராண்ட் பெயர் எதுக்கு? 'பெர்மெத்ரின் 1 வீதம்' என்று எழுதுங்கோ, பாமசியில் மலிவானதைக் கேட்டு வாங்குறோம். மருந்தின் மூலப்பெயரைத்தான் பாவிக்கவேணும் என்று சேனக பிபிலே வாதாடி, 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனமே உருவாகிவிட்டது. அரை நூற்றாண்டு கழிந்தும் இதைக் கெஞ்சிக் கேட்கவேண்டியிருக்கு!

இன்னொன்று. வெறும் ஈர் மட்டும் இருந்தால் மருந்து தேவையில்லை, உயிருள்ள பேனைக் கண்டால்தான் தேவை. நனைந்த தலையில் கண்டிஷனர் பூசி, சில நாளுக்கொருதரம் பேன்சீப்பால் வாரலாம். பொறுமை வேணும், ஆனால் சீப்பு ஒருமுறைச் செலவு. இதைச் சொல்ல இரண்டு நிமிசம் போதும். ஒரு பிள்ளைக்கு வாங்கின கட்டணத்தோடு மற்றப் பிள்ளைகளின் தலையையும் பார்த்துவிடுங்கோ.