பச்சிலையின் உறவுக்காரர்கள்

காரோடு, பாறசாலை மக்களுக்குப் பழக்கமான நெய்யாறு பிறப்பது அகத்தியமலையில். 1987இல் அந்த மலைப்பகுதியில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் களைத்துப்போனார்கள். வழிகாட்டிகளான காணிகளோ சளைக்கவில்லை. அவர்கள் மென்றது ஆரோக்கியப்பச்சையின் காய்.

இதன் பேரினம் டிரைகோபஸ். ஒரு காலத்தில் தனிக் குடும்பம். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு வள்ளிக்கிழங்குக் குடும்பத்தில் சேர்ந்துவிட்டது. இனங்கள் இரண்டே. ஒன்று தென்னிந்தியா, இலங்கையிலிருந்து மலேயாத் தீபகற்பம் வரை பரவியிருக்கிறது. மற்றொன்று கடல் கடந்து, மடகாஸ்கரில்.

பாலோடு தாவரவியல் பூங்கா இதிலிருந்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கி, 1995இல் உற்பத்தி உரிமம் வழங்கியது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு. உலகமே பாராட்டியது. ஆனால் காட்டில் செடியைப் பயிரிட்டு விற்பதற்கு வனத்துறை முட்டுக்கட்டை போட்டது.

குடும்பம் மாற்றி எழுத ஆய்வுக்கூடம் போதும். காணிகளின் உரிமையை எழுத?