கைவசம் ஒரு கலை: ஜன்னல் கண்ணாடியில் திராட்சை இலை... சூளை வாங்கும் முன் இதைப் படிங்க!

கம்பம், சின்னமனூர், போடி, தேனி... எந்த ஊர்க் கடைத்தெருவிலும் சாமி படத்துக்குச் சட்டம் போட்டு, ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டித் தரும் கடை ஒன்று இருக்கும். கடையின் மூலையில் வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் சாய்ந்து கிடக்கும். அந்தத் துண்டுகளைச் சூளையில் வைத்து விளக்குத் தட்டாகவும் சுவர்ச் சித்திரமாகவும் மாற்றும் கலைக்கு 'கில்ன் ஃபார்ம்டு கிளாஸ்' என்று பெயர். இதில் ஊதுகுழல் கிடையாது. குளிர்ந்த கண்ணாடியை வெட்டி, அடுக்கி, அலங்கரித்து உள்ளே வைத்தால், மீதியைச் சூடு பார்த்துக்கொள்ளும்.

வீடியோக்களில் பார்க்க ரொம்ப சுலபமாகத்தான் இருக்கும். நகையை அடகு வைத்தாவது ஒரு சூளை வாங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றும். ஆனால், சூளையிலிருந்து முழுசாக வெளியே வந்த தட்டு, சில நாள் கழித்து அலமாரியில் இருந்தபடியே 'டிக்'கென்று பிளப்பதை அந்த வீடியோக்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை. அது ஏன் என்று புரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், மனசும் உடையாது.

தலைமுடி அளவு வித்தியாசம்!

சூடானால் கண்ணாடி விரியும், ஆறினால் சுருங்கும். எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவுக்குச் சுருங்குவதில்லை. இதை 'சி.ஓ.இ' என்ற எண்ணால் குறிப்பார்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கு இது ஏறக்குறைய 84. கலைக்கென்றே விற்கும் வண்ணக் கண்ணாடிகளில் 90, 96 என இரண்டு வகை பிரபலம்.

84-ஐயும் 96-ஐயும் சேர்த்து உருக்கினால் என்ன ஆகும்? 10 செ.மீ. நீளமுள்ள துண்டு 500 டிகிரி ஆறும்போது, இரண்டின் சுருக்கத்துக்கும் இடையே சுமார் 0.06 மி.மீ. வித்தியாசம் வரும். ஒரு தலைமுடியின் தடிமன்தான். ஆனால் ஒட்டிக்கொண்ட இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுபறிதான் ஒருநாள் விரிசலாக வெளியே வருகிறது.

அதனால் முதல் பாடம்: ஜன்னல் கண்ணாடியோடு பாட்டில் துண்டைக் கலக்காதீர்கள். ஒரு பாட்டிலோடு இன்னொரு பாட்டிலையும் கலக்காதீர்கள். ஒரே தகட்டில் வெட்டிய துண்டுகளை மட்டும் ஒன்று சேருங்கள். கடைக்காரரிடம், "ஒரே ஷீட்ல வெட்டின பீஸா கொடுங்கண்ணே" என்று கேட்டு வாங்குங்கள். டஃபன்டு கண்ணாடி, ரசம் பூசிய கண்ணாடி இரண்டும் வேண்டாம்.

சேருமா, சேராதா என்று சந்தேகம் வந்தால் அதற்கும் வழி இருக்கிறது. ஒரு துண்டின் மேல் இன்னொன்றின் சில்லை வைத்து உருக்கி, முறையாக ஆறவிடுங்கள். பிறகு எல்.சி.டி. லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வைத்து, அதன்முன் கண்ணாடியைப் பிடித்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள். கூலிங் கிளாஸைச் சுழற்றி, திரை இருட்டாகும் கோணத்தில் நிறுத்த வேண்டும். சில்லைச் சுற்றி வெளிச்ச வளையம் தெரிந்தால், உள்ளே இழுவிசை இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஜோடி வேண்டாம்.

பட்டறையில் என்னென்ன வேண்டும்?

கண்ணாடி கட்டர், கோடு போட்டதும் பிளக்க ஒரு குறடு, விளிம்பைத் தேய்க்கச் சாணைக்கல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. சூளைத் தட்டில் கண்ணாடி ஒட்டாமல் இருக்க 'கில்ன் வாஷ்' என்ற வெள்ளைப் பூச்சு. தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுவது மாதிரி. கிண்ண வடிவம் வேண்டுமென்றால், அதே பூச்சு பூசிய சுட்ட மண் அச்சு.

வெட்டும் முன் எல்லாத் துண்டிலும் ஒரே பக்கத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். ஜன்னல் கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத்தான் தகடாக்குகிறார்கள். வெள்ளீயம் பட்ட பக்கம் சூட்டில் மங்கலாகலாம். புள்ளி இருந்தால் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக அடுக்கலாம். புள்ளியைச் சூளையில் வைக்கும் முன் துடைத்துவிட வேண்டும்.

இன்னொரு கணக்கு 6 மி.மீ. உருகும் கண்ணாடி தானாகவே ஏறக்குறைய இந்தத் தடிமனுக்குத்தான் வரப் பார்க்கும். ஒற்றை 3 மி.மீ. துண்டை முழுசாக உருக்கினால் ஓரம் உள்வாங்கிக் கோணலாகும். இரண்டு 3 மி.மீ. துண்டுகளை அடுக்கினால் வடிவம் நிற்கும்.

கோலம் போடத் தெரியுமா? பாதி வேலை முடிந்தது!

மேற்பரப்பு அலங்காரத்தில் மிக எளிதானது தூள் தூவல். அதே கண்ணாடியின் சில்லுகளைக் கெட்டித் துணியில் சுற்றித் தட்டிப் பொடியாக்கி, கோல அச்சையோ காகிதத்தில் வெட்டிய வடிவத்தையோ வைத்துச் சல்லடையால் தூவ வேண்டும். சூட்டில் அந்தப் பொடி வெண்பனி போல மங்கலாகப் படியும். தெளிந்த கண்ணாடியில் வெள்ளைக் கோலம்! கோலப்பொடியைத் தூவிவிடாதீர்கள், அது கண்ணாடியோடு உருகிச் சேராது. பொடிக்கும்போதும் தூவும்போதும் என்-95 மாஸ்க் கட்டாயம்.

அடுத்தது இலைப் பதிவு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடியின் இலையைப் புத்தகத்துக்குள் வைத்து நன்றாகக் காயவிட்டு, இரண்டு துண்டுகளுக்கு நடுவே வைத்துச் சுட்டால், இலை எரிந்து சாம்பலாகி, நரம்போடு தடம் நிற்கும். பச்சை இலை வைத்தால் நீராவி பெரிய குமிழாகிவிடும். காய்ந்த இலையானாலும் புகை வெளியேற நேரம் கொடுத்து மெதுவாகச் சூடேற்ற வேண்டும்.

மெல்லிய செம்புத் தகட்டைப் பூவாக வெட்டி நடுவில் வைப்பது இன்னொரு முறை. 'ஃபைபர் பேப்பர்' என்ற தீப்பிடிக்காத தாளை வெட்டி அடியில் வைத்தால், கண்ணாடி அதன் மேல் படிந்து புடைப்புச் சித்திரமாகும். வண்ணம் வேண்டுமென்றால் கண்ணாடிக்கான எனாமல். 'லெட் ஃப்ரீ' என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

அரிக்கும் கிரீம் தடவி மங்கலாக்கும் முறையும் உண்டு. அதில் இருக்கும் ஃப்ளோரைடு வேதிப்பொருள் தோலைத் தாண்டி உள்ளே இறங்கக்கூடியது. குழந்தைகள் நடமாடும் வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

சூட்டைவிட ஆறுதலே முக்கியம்

ஜன்னல் கண்ணாடிக்கு ஏறக்குறைய 700 முதல் 730 டிகிரி செல்சியஸில் அச்சுக்குள் வளையும். 760 முதல் 790-க்குள் துண்டுகள் வடிவம் கெடாமல் ஒட்டும். 815 முதல் 845-க்குள் முழுசாக உருகி ஒன்றாகும். சூளைக்குச் சூளை கொஞ்சம் மாறும் என்பதால், முதல் சில தடவை நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான எண் 545. ஆறும்போது அந்தச் சூட்டில் கொஞ்ச நேரம் நிறுத்தி, பிறகு மெல்ல மெல்ல இறக்க வேண்டும். இதற்குப் பெயர் 'அனீலிங்'. இதைத் தவறவிட்டால் ஒரே தகட்டுக் கண்ணாடிகூடப் பிளக்கும். இட்லிப் பானையைத் திறந்து பார்க்கும் அவசரம் இங்கே ஆகாது. மறுநாள், தொட்டால் சுடாத பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும்.

நடுவில் கரன்ட் போனால்? மூடியைத் தொடாதீர்கள். வந்ததும் நேரே உச்சிக்கு ஏற்றாமல் நிதானமாக 545-க்குக் கொண்டுபோய், மறுபடி முறையாக ஆறவிடுங்கள். சின்னச் சூளையே 2, 3 கிலோவாட் இழுக்கும். வீட்டு வயரிங் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

மலைக்கு அந்தப் பக்கமும், ஆற்றுக்குக் கீழேயும்

இது மேல்நாட்டுப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க வேண்டாம். குமுளி மலைக்கு அப்பால், கேரளத்தின் பட்டணம் அகழாய்வில் ரோமானியர்களின் வரிக்கோட்டுக் கண்ணாடிக் கிண்ணங்களின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. சூடான வட்டத் தகட்டை அச்சின் மேல் சரியவிட்டு அந்தக் கிண்ணங்களைச் செய்தார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இந்தப் பக்கம், தேனி மாவட்டத்தில் பிறக்கும் வைகையின் கரையில் கீழடியில் கண்ணாடி மணிகள் கிடைத்தன. இரண்டுக்கும் நடுவேதான் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது.

செய்து முடித்த தட்டில் சாப்பாடு போடாதீர்கள். பூச்சுகளும் உலோகங்களும் உணவில் இறங்காது என்று சோதித்துச் சான்று வாங்கும்வரை, அது விளக்குக்கும் சுவருக்கும் மட்டும்தான். விற்கும்போதும் இதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் செலவு சூளைக்கு வேண்டாம். ஒரு கட்டரும் ஒரே தகட்டின் பத்துத் துண்டுகளும் வாங்குங்கள். நேராக வெட்டிப் பழகுங்கள். மண்பாண்டக் கலைக்கு எலக்ட்ரிக் சூளை வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால், கூலி கொடுத்து இரண்டு தடவை சுட்டுப் பாருங்கள். அந்தத் துண்டுகளை ஒரு மாதம் ஜன்னலோரம் வையுங்கள். மாதம் முடிந்தும் 'டிக்' சத்தம் கேட்கவில்லையா? இனி சூளைக்கு விலை விசாரிக்கலாம்!