சாதி நாயும் சட்டப் பட்டியலும்

நாய் ஒன்று மனிதரைக் கடித்துக் குதறியது என்னும் செய்தி வந்ததும் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி, “என்ன சாதி நாய்?” என்பதே. அதனை வளர்த்தவர் யார், கட்டியிருந்ததா, அவிழ்ந்து திரிந்ததா, வாயிற்கதவைத் திறந்து வைத்தவர் யார், கடியுண்ட குழந்தையின் அருகே பெரியவர் எவரேனும் இருந்தாரா என்னும் கேள்விகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. பல வேளைகளில் அவை எழுவதே இல்லை. பெயர் தெரிந்துவிட்டால் காரணமும் தெரிந்துவிட்டது என்றோர் அமைதி பிறக்கிறது. அவ்வமைதி பொய்யானது. அதன்மேல் எழுப்பப்படும் சட்டம் மக்களைக் காப்பதில்லை. இதுவே என் வழக்கு.

உயர்வகை நாயைச் ‘சாதி நாய்’ என்றும், தெருவில் பிறந்ததை வெறும் நாய் என்றும் சொல்லும் வழக்கம் நம் பேச்சில் ஊறிப்போனது. சாதியொழிப்பு மேடைகளில் முழங்கும் அன்பர்கள்கூட நாய்க்கு மட்டும் அதனை விட்டுவைத்திருக்கின்றனர்! நகைச்சுவை ஒருபுறமிருக்க, ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். மாந்தருக்குள் சாதி என்பது மாந்தர் கட்டிய பொய். நாயினமோ மாந்தர் பல தலைமுறைகளாகத் தேர்ந்து பெருக்கிய மெய். ஆட்டு மந்தையைக் காக்கப் பெருக்கிய இனத்தின் குட்டி, எவரும் கற்பிக்குமுன்பே ஆட்டை வளைக்க முனைகிறது. ஆதலால், “எல்லா நாயும் ஒன்றே, வளர்ப்புதான் யாவும்” என்போரோடும் நான் சேர்ந்து நிற்கவில்லை. நாற்பது கிலோ எடையுள்ள நாயை வார் இன்றி நடத்திச் சென்று, “அது குழந்தை மாதிரி, ஒன்றும் செய்யாது” என்று புன்னகைப்பவர் தம் அன்பைப் பிறர் உடலின்மேல் பந்தயம் வைக்கிறார். பொமரேனியன் கடித்தால் பெரும்பாலும் காயத்துக்குக் கட்டுப் போடலாம். ரொட்வைலர் கடித்தால் அறுவை அறைக்கே போக நேரிடலாம். கடியின் கொடுமையை உடலின் பருமனும் தாடையின் வலிமையும் முடிவு செய்கின்றன. இதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை.

ஆனால் கடி எவ்வளவு ஆழம் போகும் என்பது ஒன்று. கடி ஏன் நிகழ்கிறது என்பது வேறு. இனத்தின் பெயரை முழக்குவோர் முதற்கேள்விக்குரிய விடையை இரண்டாவதற்கும் தந்துவிடுகின்றனர்.

அவர்தம் கையிலுள்ள வலிமையான சான்றையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரை நாய் தாக்கி இறந்த 238 பேரைப் பற்றிய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அம்மரணங்களுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் பிட் புல் வகையோ ரொட்வைலரோ தொடர்புற்றிருந்தன. இவ்வொரு வரியை மட்டும் நாற்றிசையும் பரப்பினர். அதே ஆய்வு, குறைந்தது 25 இனங்கள் மனிதரைக் கொன்றுள்ளன என்றும் கூறிற்று. விவரம் கிடைத்த 227 நிகழ்வுகளுள் 133 நாய்கள், வளர்த்தவர் வீட்டு எல்லைக்குள் கட்டப்படாமல் விடப்பட்டிருந்தன. 55 நாய்கள் எல்லைக்கு வெளியே கட்டவிழ்ந்து திரிந்தன. மேலும், ரொட்வைலர் 1990களில்தான் பிட் புல்லைப் பின்தள்ளி முதலிடத்துக்கு வந்தது. பத்தாண்டுக்குள் அதன் குருதியா மாறிவிட்டது? மாறியது மக்களின் மோகம். காவலுக்கும் வீறாப்புக்கும் எந்த நாய் நாகரிகமாகிறதோ, அந்த நாய் தகுதியற்றவர் கைகளுக்கும் போய்ச் சேர்கிறது. சாவுக் கணக்கிலும் ஏறுகிறது. இனத்தை வைத்துச் சட்டம் இயற்றுவது பற்றி எச்சரித்தவர்கள் அவ்வாய்வாளர்களே.

அடுத்து 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, 2000 முதல் 2009 வரை அதே நாட்டில் நிகழ்ந்த 256 மரணங்களை நுணுகி நோக்கியது. நூற்றுக்கு 87 நிகழ்வுகளில், தடுத்து நிறுத்த வல்ல ஒருவர் அருகில் இல்லை. நூற்றுக்கு 84 நிகழ்வுகளில் நாய்க்குக் கருத்தடை செய்யப்படவில்லை. நூற்றுக்கு 76 நிகழ்வுகளில் அந்நாய் குடும்பத்தோடு பழகாமல் கொல்லையிலோ சங்கிலியிலோ ஒதுக்கி வைக்கப்பட்ட நாய். இத்தகைய காரணங்களுள் நான்கோ அதற்கு மேலோ ஒன்றுசேர்ந்தவை நூற்றுக்கு 80. இனம் எது என்று ஐயமின்றி உறுதிசெய்ய முடிந்ததோ 45 நிகழ்வுகளில் மட்டுமே! எஞ்சிய நிகழ்வுகளில் செய்தித்தாள் அச்சிட்ட பெயர் யார் சொன்ன பெயர்? அக்கம்பக்கத்தார் பார்வைக்குப் பட்டதாக இருக்கலாம். காவலர் ஊகமாகவும் இருக்கலாம்.

பார்வையை நம்பலாமா? அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில விலங்குக் காப்பகங்களில் 120 நாய்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. நாள்தோறும் நாய்களோடு புழங்கும் பணியாளர்கள் முதலில் கண்ணால் இனம் கூறினர். பின்னர் மரபணுச் சோதனை செய்யப்பட்டது. பிட் புல் மரபே இல்லாத நாய்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஒருவராவது பிட் புல் என்று கூறியிருந்தார். பழகிய கண்ணே இவ்வாறு தடுமாறுமாயின், பதறியோடியவரின் கண்ணை எவ்வாறு நம்புவது? இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் மரபணுவையும், பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்போர் தந்த விடைகளையும் ஒப்பிட்டு 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வோ, தனி நாயொன்றின் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பதே என்று காட்டிற்று. ஒன்பது என்பது சுழியன்று; ஆனால் தீர்ப்புரைக்கப் போதிய சான்றும் அன்று.

இனிச் சட்டம் கண்ட பயனைக் காண்போம். பிரிட்டன் 1991ஆம் ஆண்டில் ஆபத்தான நாய்கள் சட்டத்தை இயற்றியது. பிட் புல் டெரியர், ஜப்பானியத் தோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலைரோ ஆகிய நான்கு வகைகள் தடைசெய்யப்பட்டன. அதன் பின்னர் கடிகள் குறைந்தனவா? 1998க்கும் 2018க்கும் இடையே இங்கிலாந்தில் நாய்க்கடிக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் தொகை, மக்கள்தொகை விகிதப்படி இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. அதற்கிடையே சந்தை புதியதொரு நாயை ஈன்றது. எக்ஸ்எல் புல்லி என்னும் அப்பெருநாய் 1991ஆம் ஆண்டுப் பட்டியலில் இல்லை. ஆதலால் சட்டத்தின் கண்ணுக்கு அது குற்றமற்றது! பல உயிர்கள் போன பின்னரே, 2023ஆம் ஆண்டின் இறுதி நாளன்று அதன் விற்பனைக்கும் இனப்பெருக்கத்துக்கும் தடை வந்தது. 2024 பிப்ரவரி முதல் விலக்குச் சான்றின்றி வைத்திருப்பதும் குற்றமாயிற்று. வளர்ப்பவர் பெயரை மாற்றுவார், கலப்பை மாற்றுவார். பட்டியல் மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவரும். நெதர்லாந்து நாடோ 1993ஆம் ஆண்டில் கொணர்ந்த பிட் புல் தடையைக் கடிகள் குறையவில்லை எனக் கண்டு 2008ஆம் ஆண்டில் கைவிட முடிவு செய்தது.

நம் சிங்கப்பூரிலும் பட்டியல் உண்டு. பிட் புல், அக்கித்தா, தோசா முதலியன ஒரு பிரிவு. டோபர்மேன், ரொட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்டு முதலியன மற்றொரு பிரிவு. இவற்றை வெளியே கொண்டு செல்கையில் வாரும் வாய்க்கவசமும் வேண்டும், கருத்தடை வேண்டும், கீழ்ப்படிதற் பயிற்சி வேண்டும், ஒரு லட்சம் வெள்ளிக்குக் காப்புறுதி வேண்டும். இந்நிபந்தனைகளைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஊன்றி நோக்கின், இவை யாவும் வளர்ப்பவரைக் கட்டும் கடமைகளேயன்றி நாயின் பிறப்புக்குத் தரும் தண்டனைகள் அல்ல. என் மறுப்பெல்லாம் இதுதான்: நல்ல கடமையை ஒரு பெயருக்குள் ஏன் அடைக்க வேண்டும்? பட்டியலில் பெயரில்லாத பெருநாயை வளர்ப்பவருக்குப் பயிற்சி வேண்டாமா? முன்னரே ஒருவரைக் கடித்த நாய், அது எவ்வினத்ததாயினும், வாய்க்கவசமின்றி மின்தூக்கியில் ஏறலாமா? எடையையும், அந்நாயின் முன்வரலாற்றையும், உரிமையாளரின் முன்வரலாற்றையும் அளவாகக் கொண்டால் சட்டம் எவர் கையிலிருந்தும் நழுவாது.

கடல் கடந்த தமிழர் கண்கலங்கிப் படித்த சென்னைச் செய்தியையும் இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். 2024 மார்ச்சில் இந்திய நடுவண் அரசு, ரொட்வைலர் உட்பட 23 இனங்களைத் தடைசெய்யுமாறு மாநிலங்களுக்கு மடல் எழுதிற்று. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. மே மாதத்தில், சென்னை மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் அதன் காவலாளியின் ஐந்து வயது மகளை இரு ரொட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. தடை ஆதரவாளர் உடனே, “பார்த்தீர்களா!” என்றனர். நானும் பார்க்கத்தான் சொல்கிறேன். பொதுப் பூங்காவில் இரு பெருநாய்கள் வாரும் வாய்க்கவசமும் இன்றி இருந்தன. அவ்விரண்டும் இருந்திருப்பின் அக்குழந்தை வீட்டில் விளையாடிக் கொண்டிருந்திருப்பாள். பெயர்த் தடை நின்றிருந்தாலோ, அந்நாய்கள் முன்னரே அவ்வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தவைதாமே!

நாய் வழியாக மனித குலத்துக்கு வரும் பெருஞ்சாவு, பட்டியலிட்ட தாடைகளால் வருவதன்று. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநாய்க்கடி நோயால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுள் பதின்மரில் நால்வர் 15 வயதுக்குட்பட்ட சிறுவர். அந்நோய் 2017ஆம் ஆண்டில் சரவாக்கில் செரியான் பகுதியில் வெடித்தபோது நம் வாயிலுக்கே வந்துவிட்டது. அதைப் பரப்பும் நாய்க்குச் சாதியும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. தடுப்பூசி போடாத நாய் என்பதே அதன் ஒரே இனம்.

தமிழ் வகுப்பில் நாம் இன்னும் “நாய் நன்றியுள்ள விலங்கு” என்று தொடங்கும் கட்டுரையைத்தான் எழுதுவித்து வருகிறோம். அதன் மறுபக்கமாக இன்று “பிட் புல் கொலைகார நாய்” என்னும் வாக்கியம் மாணவர் ஏடுகளில் குடியேறுகிறது. இரண்டும் மனப்பாடமே. உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் குட்டிக்குப் பாலூட்டும் நாயையும் நெருங்காதிருத்தல். அயல் நாய் வந்தால் ஓடாமல், கத்தாமல், கைகளை ஒடுக்கி அசையாது நிற்றல். கடித்துவிட்டால் மறைக்காமல் பெரியவரிடம் சொல்லுதல். காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவரிடம் செல்லுதல். ஆசிரியப் பெருமக்களே, இவற்றை எழுதப் பாடநூலில் ஒரு பக்கம் போதும்.